மடைக்கயிறு

ஐப்பசி முழுவதும் மழை வருமா என்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த ஊர், கார்த்திகையில் போதும் சாமி என்று கையெடுத்துக் கும்பிட்டது. நாவலங்கானத்தில் பிடித்த மழை விடவே இல்லை. விறகு நனைந்து அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. யுத்த காலம் ஆதலால் மண்ணெண்ணெய் ஏற்கெனவே இல்லை. அறந்தாங்கிச் சந்தைக்குப் போகும் வண்டித்தடம் வாய்க்காலாகிப் போனதில் உப்புக்கும் ஒருவர் வீட்டை ஒருவர் எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஊருக்கு மேற்கே கண்மாய் மட்டும் நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டு வந்தது.

ஆத்மநாதன் குடிசை கண்மாய்க் கரைக்கு நேர் கீழே பள்ளத்தில் இருந்தது. கரை உடைந்தால் முதல் தண்ணீர் அவன் அடுப்பைத்தான் அணைக்கும். அடுத்தது அவன் அக்காள் செவந்தியின் அடுப்பு. இரண்டு குடிசைக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான். அந்த முருங்கையைத் தாண்டி அக்காளும் தம்பியும் பேசி ஒரு வருசம் ஆகிவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் செவந்தி அவன் பெண்டாட்டி இருளாயியைக் கூப்பிட்டு, "ஒம் புருசங்கிட்டச் சொல்லு" என்பாள். அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான். இருளாயி திரும்பி, "மதினி சொல்றாக" என்று அதையே இன்னொரு தரம் சொல்லுவாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்கள் மூவருக்கும் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

காரணம் அந்தக் கண்மாய்தான். அதன் மடை கரையில் இல்லை. கரையிலிருந்து தள்ளித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். தூண்களின் தலையில் ஒரு குறுக்குக்கல். அடியில், தரையோடு தரையாக ஒரு கல்தொட்டி. தொட்டியின் மூடுகல்லில் ஒரு துவாரம் உண்டு. அதை மரக்கட்டையால் அடைத்திருப்பார்கள். கட்டையைப் பிடுங்கினால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போகும். குமிழி என்று அதற்குப் பெயர். மற்ற ஊர்க் குமிழிகளில் மேலே நின்றபடியே கட்டையைத் தூக்க ஒரு கழி இருந்தது. நாவலங்கானத்துக் கழி எந்தக் காலத்திலோ முறிந்து, முங்கிப் பிடுங்குவதே வழக்கமாகிவிட்டது. கண்மாயில் பாதித் தண்ணீர் இருக்கும்போது அது ஒரு பெரிய காரியமில்லை. நிறைந்து நிற்கும்போது முங்குகிறவன், வீட்டில் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவான். கட்டை கழன்ற கணத்தில் தண்ணீர் ஆளையும் சேர்த்து உள்ளே இழுக்கும்.

அதற்காகத்தான் கயிறு. முங்குகிறவன் இடுப்பில் ஒரு முனை. குறுக்குக்கல்லில் உட்கார்ந்திருப்பவன் கையில் மறுமுனை. கயிறு பிடிக்கிறவன், முங்குகிறவனுடைய பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். பங்காளி கையில் கயிற்றைக் கொடுத்தால் காணி நிலத்தில் ஆசை வரலாம். மைத்துனனுக்கு அக்காள் தாலியைத் தவிர வேறு எதில் ஆசை இருக்க முடியும் என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு.

போன கார்த்திகையில் முங்கியவன் செவந்தியின் புருசன் குழந்தைசாமி. கயிறு பிடித்தவன் ஆத்மநாதன்.

கீழே இருப்பவன் இரண்டு முறை சுண்டினால்தான் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். அதுவரை தொய்யவும் விடக்கூடாது, இழுக்கவும் கூடாது. கயிறு பிடிக்கிற வேலை அவ்வளவுதான். ஆனால் மச்சான் உள்ளே போய் நெடுநேரம் ஆகிவிட்டது போல ஆத்மநாதனுக்குத் தோன்றியது. தண்ணீர் அசையவில்லை. பயந்துபோனான். சுண்டும் முன்னே இழுத்துவிட்டான். கீழே குழந்தைசாமி கட்டையைப் பாதி அசைத்திருந்தான். இழுத்த வேகத்தில் கால் பிடிமானம் போய்த் தலைகீழாகச் சரிந்தான். கட்டை கழன்றது. கட்டை இருந்த துவாரத்தில் அவன் கை போய்ச் சிக்கியது. அதன்பிறகு ஊரே சேர்ந்து இழுத்தும் கயிறு வரவில்லை. கண்மாய் இறங்கின பிறகு அவனை எடுத்தவர்கள், கிடந்த கோலத்தைப் பார்த்து இப்படித்தான் நடந்திருக்கும் என்றார்கள். ஆத்மநாதன் இல்லையென்று சொல்லவில்லை.

அந்தத் தண்ணீரில் அந்த வருசம் நல்ல விளைச்சல். மடையில் உயிர் விட்டவன் வீட்டுக்கு வயலுக்கு ஒரு மரக்கால் நெல் கொடுப்பது ஊர் வழக்கம். கொண்டுவந்து செவந்தியின் குதிரில் கொட்டிவிட்டுப் போனார்கள். செவந்தி அதில் கை வைக்கவே இல்லை. "அவரு செத்த தண்ணியில வெளஞ்சது. அத வேக வச்சுத் திங்கவா?" என்றாள். களையெடுக்கப் போய்க் கிடைத்த கேப்பையைக் கிண்டி, மணமேல்குடிப் பக்கத்திலிருந்து வரும் கருவாட்டுக்காரியிடம் இரண்டு காரல் கருவாடு வாங்கிச் சுட்டுத் தின்று ஒரு வருசத்தைக் கழித்துவிட்டாள்.

ஆத்மநாதனோ வீட்டிலிருந்தபடியே பாதிச் சாமியாராகிவிட்டான். சடை வளர்த்தான். சோமவாரம் தவறாமல் பட்டினி கிடந்தான். விடியுமுன் கிளம்பி ஆவுடையார்கோயிலுக்கு நடந்தே போவான். அந்தக் கோயில் சாமியின் பெயரைத்தான் அவனுக்கு வைத்திருந்தார்கள். ஆனாலும் உள்ளே போகிற வழக்கம் அவன் சாதிக்கு அப்போது கிடையாது. கோபுரத்துக்கு எதிரே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவான். அவன் பக்தியை மெச்சிக்கொள்ள ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள். உண்மை என்னவென்றால், குளிருக்குப் போர்வை தேடுகிறவன் மாதிரிப் பயத்துக்கு அவன் பக்தியைத் தேடினான். எல்லாத் திங்கட்கிழமையும் அவன் கேட்ட வரம் ஒன்றுதான்: இந்தப் பயத்தை எடுத்துவிடு.

ஒருநாள் கோயில் வாசலில் பூக்கட்டும் பண்டாரத்திடம், "உள்ள சாமி எப்புடி இருக்குங்க?" என்று கேட்டான்.

"சாமியா? வெறும் ஆவுடைப் பீடந்தாம்ப்பா இருக்கு. மேல லிங்கம் கெடையாது."

"பெறகு எதத்தான் கும்பிடுறாக?"

"அந்த ஒண்ணுமில்லாத எடத்தத்தான். சோத்த வடிச்சுச் சுடச்சுடக் கொட்டுவாக. ஆவி மேல போகும் பாரு, அதான் படையல். சாமிக்கு உருவமில்ல, படையலுக்கும் உருவமில்ல."

பீடக்கல் இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று கேட்டதும் ஆத்மநாதன் கண்ணுக்குத் தெரிந்தது குமிழித் துவாரம். அதற்கப்புறம் அவன் ஆவுடையார்கோயிலுக்குப் போகவில்லை. பட்டினி மட்டும் கிடந்தான்.

இந்தக் கார்த்திகையில் ஒரு சோமவாரத்துக் காலை இருளாயி கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தபோது ஊர்த்தலைவர் அம்பலம் சிவசாமி சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார். மேட்டுத் தெருவிலிருந்து பள்ளத்துக்கு அவர் தாமாக இறங்கி வருகிறவர் அல்ல. முழங்கால் வரை சேறு.

"ஆத்மநாதா, தெக்குக் கரை கசியுதுடா."

"கலிங்குல மிச்சத் தண்ணி வழிஞ்சு ஓடுதுங்களே."

"கலிங்கு ஓடுறது பத்தல. கசிவுல கைய வச்சுப் பாத்தேன். மண்ணு கொழகொழன்னு வருது. மடையத் தொறந்து விட்டாத்தான் கரை தாங்கும். இல்லைன்னா பொழுது எறங்குறதுக்குள்ள போயிரும்."

ஆத்மநாதன் தரையைப் பார்த்தான். குழந்தைசாமிக்குப் பிறகு மடைவேலை அவன் தலையில்தான் விழுந்திருந்தது. மடைக்கார வீட்டில் வேறு ஆம்பிளை இல்லை. கோடையில் கண்மாய் வற்றிக் கிடந்தபோது துவாரத்தில் கட்டை அடித்ததும் அவன்தான்.

"நான் வெரதத்துல இருக்கேங்க."

"அதுக்கு?"

"ஒடம்புல தெம்பு இல்லீங்க."

"கஞ்சி குடிச்சிட்டு வா." அம்பலத்தின் குரல் தணிந்தது. "சாமி கும்பிடுறவனுக்கு என்னப்பா பயம்? நானும் பயந்துபோயித்தான் வந்திருக்கேன். ஆளுக மேட்டுல ஏறிக்கிருவாக, சரி. வீடு? மாடு? பூட்டை கட்டிக் கதிரு வரப்போற பயிரு? அத்தனையும் மண்ணு மூடிப் போயிரும்."

அகப்பையை வைத்துவிட்டு இருளாயி வாசலுக்கு வந்தாள். "எங்கண்ணன் கண்டித் தோட்டத்துல கெடக்காக. கயிறு யாருங்க புடிப்பா? மச்சினன் புடிக்காத கயித்த இவரு எப்புடிக் கட்டிக்கிருவாரு?"

இதைக் கேட்டதும் ஆத்மநாதன் மனசு லேசானது. கடல் தாண்டி இருக்கிற மைத்துனனை அவன் அதுவரை அவ்வளவு பிரியமாக நினைத்ததில்லை. "அதானுங்களே. மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றான். சொன்ன அடுத்த கணமே வெட்கமாக இருந்தது.

முருங்கை மரத்தடியில் செவந்தி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. வெள்ளைச் சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"இருளாயி," என்றாள். "ஒம் புருசங்கிட்டச் சொல்லு. கயித்த நான் புடிக்கிறேன்."

இந்தத் தடவை இருளாயி அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

"பொம்பள புடிக்கிற வழக்கமில்லயே ஆத்தா," என்றார் அம்பலம்.

"வழக்கப்படி ஆம்பள புடிச்சாக. பாத்தாச்சுல்லங்க."

இருளாயி புருசனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"வேண்டாங்க. ஒரு வருசமா வாய் தொறக்காத மனுசி இன்னைக்குக் கயிறு கேக்குறாக. அவுக மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கீழ போனவுகள விட்டுட்டுக் கைய ஒதறிட்டு வந்தா யாரு கேக்கப் போறா?"

"விட்டா விடட்டும்."

"என்ன பேச்சுப் பேசுறீக? நான் எங்கிட்டுப் போவேன்?"

ஆத்மநாதன் மண்கலயத்துக் கூழைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "இருளாயி, எனக்குத் தண்ணியக் கண்டாக்கூட அவ்வளவு பயமில்ல. அக்கா மொகத்தக் கண்டாத்தான் பயம். காலையில கதவத் தொறக்குறப்ப மொதல்ல முருங்கை மரத்தடியப் பாக்குறேன், அது நிக்கிதான்னு. எத்தன நாளைக்கி இப்புடிப் பாத்துக்கிட்டே இருக்கது? இன்னைக்கி எது நடந்தாலும் இது முடிஞ்சிரும்."

இதைத் தைரியம் என்று சொல்ல முடியாது. ஓடி ஓடிக் களைத்தவன் நின்றுவிட்டான், அவ்வளவுதான். இருளாயி அவனுக்குக் கூழை ஊற்றிக் கொடுத்தாள். விரதத்தை மறந்து இரண்டு வாய் குடித்தான். பிறகு சடையை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தான்.

வாழைமரத் தெப்பத்தில் அக்காளும் தம்பியும் மட்டும் ஏறினார்கள். மழையில் கண்மாயின் மறுகரை தெரியவில்லை. தண்ணீர் சாம்பல் நிறத்தில் கரையின் தலைக்கு ஒரு முழம் கீழே நின்றது. கரையில் அம்பலமும் பத்துப் பதினைந்து பேரும் நின்றார்கள். இருளாயி ஐயனார் கோயில் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். புருசன் முங்குவதைப் பெண்டாட்டி பார்க்கக் கூடாது என்பதும் ஊர் வழக்கம்தான். போன வருசம் செவந்தி அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

குறுக்குக்கல்லில் ஏறிச் செவந்தி சேலையை வரிந்து கட்டிக்கொண்டாள். அவன் இடுப்பில் அவனே போட்ட முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவிழ்த்து, தன் கையால் வேறு முடிச்சுப் போட்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"கட்டைய எப்புடி அடிச்ச?" என்றாள். ஒரு வருசத்துக்குப் பிறகு அவனிடமே கேட்ட முதல் வார்த்தை அது.

"இறுக்கமாக்கா."

"எம்புட்டு இறுக்கம்?"

"வைக்கோல் சுத்தி, களிமண்ணு வச்சு, கடப்பாறையால அடிச்சேன்."

"எதுக்கு?"

"திரும்பத் தொறக்கவே வரக்கூடாதுன்னு."

செவந்தி அவனைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தான். "ம்," என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் தோளில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "எறங்கு."

முதல் முங்கில் கால் தொட்டியைத் தொட்டது. தொட்டதுமே உடம்பு தானாக மேலே வந்துவிட்டது. இரண்டாவது முங்கில் கட்டையைக் கையால் தடவினான். அதை அடித்தபோது எவ்வளவு பயந்திருந்தானோ அவ்வளவும் அதில் இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினான். அசையவில்லை. கண்ணைத் திறந்தால் இருட்டு. பக்கத்தில் மச்சான் தலைகீழாகக் கிடக்கிற மாதிரி இருந்தது. மூச்சு முட்டும் முன்னே மேலே வந்து தூணைக் கட்டிக்கொண்டான்.

"முடியலக்கா."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்குந்தான் இருக்கு. போ."

மூன்றாவது முறை கட்டையை உடனே பிடிக்கவில்லை. தொட்டியின் மூடுகல்லில் இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, துவாரத்தைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்தான். வழுவழுவென்று தேய்ந்த கல். எத்தனையோ பேர் கை தேய்த்த கல். சாமி பேரைச் சொல்ல நினைத்தான். ஒரு வருசமாகச் சொன்ன பேர் ஒன்றும் மனசில் வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. அதை விரட்டவும் அவனுக்கு அப்போது வழி தெரியவில்லை. இரு என்று விட்டுவிட்டான். இருந்தது. பயம் நெஞ்சில் இருந்தபடியே கை களிமண்ணை நோண்டியது, வைக்கோலைப் பிய்த்தது, கட்டையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. இதற்காகவா இத்தனை நாள் ஓடினேன் என்று ஒரு நினைப்பு வந்து போனது. பண்டாரம் சொன்ன அந்த ஒன்றுமில்லாத இடத்துக்கு நேர் மேலே நிற்கிறோம் என்பது தெரிந்தது. தெரிந்தும் நின்றான்.

இடுப்பில் கயிறு தொய்யவும் இல்லை, இழுக்கவும் இல்லை. மறுமுனையில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது மட்டும் அதில் தெரிந்தது.

கட்டை கழன்றது. தண்ணீர் அவன் காலைப் பிடித்து இழுத்தது. கட்டையை விட்டுவிட்டுத் தூணில் எத்தினான். கயிற்றை இரண்டு முறை சுண்டினான்.

சுண்டியதும் இடுப்பு ஒடிந்துவிடும்போல ஒரு இழுப்பு வந்தது.

குறுக்குக்கல்லின்மேல் அவனைப் புரட்டிப் போட்டபோது செவந்தியும் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். அவனுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. கீழே தண்ணீர் சுழித்துச் சுழித்து உள்ளே இறங்கியது. கரைக்கு அந்தப் பக்கம் கால்வாயில் விழும் சத்தம் கேட்டதும் ஆட்கள் தெற்குக் கரைக்கு ஓடினார்கள். யாரோ இருளாயியை எழுப்பித் திருப்பினார்கள்.

செவந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். கயிறு அறுத்த இடத்தில் ரத்தம் கசிந்து மழைத் தண்ணீரோடு ஓடியது. அவள் பேசியபோது குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"நீ சுண்டுறதுக்கு முன்னாடி என் கை ரெண்டு தரம் தானா இழுக்கப் போச்சுடா. பல்லக் கடிச்சுக்கிட்டு நிறுத்தினேன். நீ செத்துப் போயிட்டன்னே நெனச்சேன். அன்னைக்கி ஒனக்கும் இப்புடித்தான் இருந்துச்சா?"

ஆத்மநாதன் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு கல்லில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். செவந்தி அவனைத் தேற்றவில்லை. அவள் அழுகை அவளுக்கே சரியாக இருந்தது.

கரை தாங்கியது. ஆனாலும் மடை வாயில் இருந்த வயல்களில் பயிர் படுத்துவிட்டது. பள்ளத்தில் வேறு இரண்டு குடிசைகளின் சுவர் ஊறி விழுந்தது. வருகிற வருசமும் கார்த்திகை வரும், யாராவது முங்கத்தான் வேண்டும். சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டபோது செவந்தியின் வீட்டிலிருந்து உலக்கைச் சத்தம் கேட்டது. துணி சுற்றிய கையோடு குத்திக்கொண்டிருந்தாள். இருளாயி ஓடிப்போய் உலக்கையை வாங்கிக்கொண்டு, உரலுக்குள் பார்த்தாள். அதுவரை அவள் தொடாத குதிர் நெல். ஒன்றும் கேட்காமல் குத்தினாள்.

பொழுது மங்கும்போது முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஆத்மநாதா, எலை போட்டிருக்கேன். வா."

அவன் குனிந்து உள்ளே போனான். மூன்று இலை போட்டிருந்தது. செவந்தி பானையைச் சாய்த்துச் சோற்றைக் கொட்டினாள். குளிரில் ஆவி குபுகுபுவென்று எழுந்து கூரைக்குப் போனது. மூன்று பேரும் அது அடங்கும்வரை கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருசம் குதிரில் கிடந்த நெல். சோற்றில் லேசாக மக்கல் வாடை அடித்தது.

முதல் கவளத்தை எடுத்து வாயில் போட்டவள் செவந்திதான். மென்று, விழுங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆறிப் போகுது. தின்னு," என்றாள்.